மண் ஓவல் பந்தயம்: இடப்பக்கம் மட்டும் திரும்புவதில் அப்படி என்ன இருக்கிறது?

கராஜ்தம்பி (உப்புவெளி)
ஆகஸ்ட், ஞாயிறு பகல்

ஞாயிறு கராஜ் பூட்டுத்தான். ஆனாலும் காலை எட்டு மணிக்கெல்லாம் நாலு பேர் வந்து ஓயில் பீப்பாய்களில் உட்கார்ந்துவிடுவோம். இன்றைக்கு அமெரிக்காவின் பெரிய ஸ்பிரின்ட் கார்ப் பந்தயமான நொக்ஸ்வில் நஷனல்ஸ் கடைசி நாள். அயோவாவில் சனி இரவு பத்து மணி என்றால் எங்களுக்கு ஞாயிறு காலை எட்டரை, பிளேன்ரீ நேரம். அரை மைல் மண் ஓவலில், அதாவது நீள்வட்டப் பாதையில், ஐம்பது சுற்று. தலைக்கு மேலே கட்டில் பலகை மாதிரி ஒரு இறக்கை வைத்த ஸ்பிரின்ட் கார்கள், ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் பறக்கின்றன.

எனக்கு வாய் மூடவில்லை. பக்கத்தில் இருந்தவனோ, "களவெட்டியில் சூடு மிதிக்கிற மாதிரிக் கிடக்கு. மாட்டுக்குப் பதிலாகக் கார்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பதில் சொல்லத் தெரியாமல் நானும் சிரித்துவிட்டேன்.

இரண்டு கேள்விகள்.

ஒன்று, இடப்பக்கம் திரும்புகிற வளைவில் ஏன் எல்லோரும் ஸ்டியரிங்கை வலப்பக்கம் பிடித்திருக்கிறார்கள்?

இரண்டு, சாலியபுர கஜபா சூப்பர்குரொஸ், தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில், சிகிரியா ரலிகுரொஸ் எல்லாம் மண்தான். வான் பிடித்துப் போய்ப் பார்த்திருக்கிறோம். அவற்றில் ஏற்றம், இறக்கம், இரு பக்க வளைவு எல்லாம் உண்டு. அவ்வளவு பெரிய இடம் தேவைப்படாத ஒரு சின்ன ஓவலைத் திருகோணமலையில் போட என்ன தடை? மண்ணுக்கா பஞ்சம்?


ஸ்காபரோவான் (முன்பு உவர்மலை)

தம்பி, சரியான ஆளிடம் கேட்டிருக்கிறீர். நான் இருக்கிற இடத்திலிருந்து கார் ஓட்டிப் போகிற தூரத்தில் ஓஸ்வீகன் ஸ்பீட்வே இருக்கிறது. ஒன்ராறியோவில், சிக்ஸ் நேஷன்ஸ் பழங்குடி மக்களின் நிலத்தில். 1996இல் திறந்தது. களிமண் ஓவல், ஒரு சுற்று எட்டில் மூன்று மைல், அதாவது ஏறக்குறைய 600 மீற்றர். கோடையில் வெள்ளிக்கிழமை இரவுகளில் பந்தயம்.

முதல் தடவை போனபோது கிட்டத்தில் நின்றால் நன்றாகத் தெரியும் என்று நான்காவது வளைவுக்கு நேரே, கீழ் வரிசையில் உட்கார்ந்தேன். வீட்டில் கட்டித் தந்த மட்டன் ரோல்ஸ் மடியில். முதல் கார் கடந்துபோனதும் ஈரக் களிமண் ஒரு பிடி வந்து ரோல்ஸின் மேல் விழுந்தது. முன்வரிசையில் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் தலையில் கவிழ்த்திருந்த அட்டைப் பெட்டியைச் சரிசெய்தார். பழகின ஆள்.

அந்த மண் கட்டியில்தான் உங்கள் கேள்விக்கு விடை. மாலை ஆறரைக்கு அது கையில் ஒட்டுகிற களி. ஒன்பது மணிக்கு அதே பாதை கறுத்து, பொலிஷ் போட்ட சீமெந்துத் தரை மாதிரிப் பளபளக்கும். உள்பக்கத்தில் பிடிப்பே இருக்காது. கிளம்பின மண்ணெல்லாம் வெளியோரத்தில் ஒதுங்கி ஒரு வரம்பாக நிற்கும். அதை குஷன் என்பார்கள். வலப் பின்சில்லை அந்த வரம்பில் சாய்த்து ஓடுகிறவன் பறப்பான். ஒரு சாண் தவறினால் வரம்பைத் தாண்டிப் போய்ப் புரளுவான். தார் ஓட்டப்பாதை காலையில் இருந்தது போலத்தான் மாலையிலும் கிட்டத்தட்ட இருக்கும். மண் அப்படியில்லை, பத்துச் சுற்றுக்கு ஒருமுறை புதுப் பாதை.

இன்னொன்று. ஸ்பிரின்ட் காருக்கு ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, கிளட்ச் கிடையாது, கியர்பெட்டியும் கிடையாது. பின்னால் ஒரு பிக்கப் வந்து தள்ளித்தான் ஸ்டார்ட் எடுக்கும். எங்கள் ஊர்ப் பழைய மொரிஸ் மைனர் மாதிரி. பெரிய வகுப்பில் 410 கன அங்குல எஞ்சின், அதாவது 6.7 லீற்றர். ஏறக்குறைய 900 குதிரைவலு. எடையோ ஓட்டுநரோடு சேர்த்து 650 கிலோ அளவுதான்.


சீனன்குடாக்காரன்

வட்டம் சுற்றுவதற்கு 900 குதிரைவலு எதற்கு? மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் பந்தயம் 1934இலிருந்து நடக்கிறது. ஒவ்வொரு வளைவும் வேறு வேறு, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தேயிலை. அது ஓட்டம். இது செக்கு.


பௌதிக ரீச்சர்

//ஏன் ஸ்டியரிங்கை வலப்பக்கம் பிடித்திருக்கிறார்கள்?//

தம்பி, காணொளியை நிறுத்தி, முன்சில்லுகளை மட்டும் பாருங்கள். அவை கார் போகிற திசையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். திரும்பியிருப்பது காரின் மூக்கு. பின்பகுதி வெளியே வழுகி, மூக்கு வளைவின் உள்ளே பார்க்கிறது. அந்த நிலையில் பின்சில்லு தள்ளுகிற விசையின் ஒரு பங்கு வட்டத்தின் மையத்தை நோக்கிப் போகும். தார் வீதியில் ரயரின் பக்கப்பிடிப்பு செய்கிற வேலையில் ஒரு பகுதியை மண்ணில் எஞ்சின் செய்கிறது. ஆகவே வளைவில் அவர் காலை எடுத்தால் கார் திரும்பாது. 900 குதிரைவலு எதற்கு என்று கேட்டவருக்கும் இதுதான் பதில்.

அடுத்தது, நீங்கள் கேட்காத ஒன்று. இந்தக் கார்களின் பின்சில்லுகள் இரண்டும் ஒரே அச்சில் பூட்டப்பட்டவை. இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் இல்லை. அப்படிப்பட்ட வண்டி நேரேதான் போகப் பார்க்கும். அதனால் வலப் பின்ரயரை இடதைவிடப் பெரிதாகப் போடுகிறார்கள். ஸ்டாகர் என்று பெயர். கடற்கரையில் கச்சான் விற்கிற சுருளை வாங்கி, கொட்டைகளைச் சாப்பிட்டுவிட்டு, வெறும் சுருளை மேசையில் உருட்டிப் பாருங்கள். நேரே போகாது, கூர் முனையைச் சுற்றி வட்டம் போடும். அதே கதை.

கணக்கு வேண்டுமென்றால்: இரண்டு ரயர்களுக்கும் இடையில் 1.5 மீற்றர், வளைவின் ஆரை 40 மீற்றர், இட ரயரின் சுற்றளவு 2.2 மீற்றர் என்று வையுங்கள். 2.2ஐ 1.5ஆல் பெருக்கி 40ஆல் வகுத்தால் 8 சென்ரிமீற்றர் சொச்சம். வல ரயர் அவ்வளவு பெரிதாக இருந்தால் அச்சு தானாகவே அந்த வட்டத்தில் உருளும். மண்ணில் வழுக்கலும் சேர்வதால் அணிகள் கூட்டியும் குறைத்தும் வைத்துப் பார்க்கும்.


கராஜ்தம்பி

ரீச்சர், சுருள் உருட்டினோம். கதை முடிந்தது, சிரித்தவன் இப்போது ஒவ்வொரு சுருளாக உருட்டிக்கொண்டிருக்கிறான்.

அத்தோடு விடவில்லை. கராஜில் கழற்றிப் போட்ட ரயர்களில் ஒரே கொம்பனி, ஒரே அளவு என்று எழுதியிருந்த இரண்டை எடுத்து, சோக்கால் கோடு போட்டு, தரையில் ஒரு முழுச் சுற்று உருட்டி அளந்தோம். இரண்டுக்கும் 2 சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம். ஒன்று தேய்ந்தது, மற்றது காற்று கூடினது, அவ்வளவுதான். ஒரு பக்கம் இழுக்குது என்று வருகிற கார்களில் பாதிக்கு இனி முதலில் இதைத்தான் பார்க்கப் போகிறேன்.


ஸ்காபரோவான்

//இது செக்கு//

அண்ணை, கைல் லார்சன் 2021 ஓகஸ்ட்டில் நொக்ஸ்வில் நஷனல்ஸ் வென்றார், அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் பெரிய கார்ப் பந்தயத் தொடரான நாஸ்கார் கிண்ணமும் அவருக்கு. 2023இலும் 2024இலும் மறுபடி நொக்ஸ்வில். கோடி கோடியாக உழைக்கிற மனிதர், வார நடுவில் மண் தின்னப் போகிறார் என்றால் செக்கில் ஏதோ எண்ணெய் இருக்கத்தானே வேண்டும்.


சீனன்குடாக்காரன்

அவருக்குப் பொழுது போகவில்லை போல.


குளக்கட்டு (கந்தளாய்)

//மண்ணுக்கா பஞ்சம்?//

தம்பி, இந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன். காரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் முப்பது வருடம் குளக்கட்டிலும் வாய்க்காலிலும் மண்ணோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்றவன்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் மணல். மணலுக்கு ஒட்டு இல்லை, காலையில் உருளை போட்டு இறுக்கினால் மத்தியானம் பிரிந்துவிடும். வீதிக்குப் போடுகிற கிரவல் இறுகும், ஆனால் அதில் கல் இருக்கிறது. பின்சில்லு கிளப்புகிற கல் பின்னால் வருகிறவனின் முகத்துக்குத்தான் போகும். நீங்கள் சொல்கிற பாதைக்குக் களி கூடின மண் வேண்டும், கொஞ்சம் மணல் கலந்தது. அது வயல் பக்கம்தான்: தம்பலகாமம், கந்தளாய்.

மண் சரியா என்று பார்க்க இயந்திரம் தேவையில்லை. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். கையை விரித்தால் கொழுக்கட்டை மாதிரி விரல் அடையாளத்தோடு நிற்க வேண்டும். அதை இடுப்பளவு உயரத்திலிருந்து கீழே விடுங்கள். இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் ஈரம் பதம். பொடியாகச் சிதறினால் தண்ணீர் போதாது. உடையாமல் சப்பையாக அமர்ந்தால் தண்ணீர் கூடிவிட்டது, ஒரு நாள் பொறுக்க வேண்டும். குளக்கட்டுக்கு மண் போடும்போதும் நாங்கள் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான், பிறகுதான் ஆய்வுகூடக் கணக்கு.

பெரும்பாலானவர்கள் விடுகிற பிழை, பந்தயத்துக்கு ஒரு மணி நேரம் முன் பவுசரால் மேலே தெளிப்பது. மேல் ஒரு அங்குலம் சேறு, கீழே காய்ந்த தட்டு. சில்லுப் பட்டதும் அப்பளம் மாதிரி உரிந்து வரும். ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறி, இரண்டு மூன்று இரவு தண்ணீர் விட்டு ஊறவைத்து, ஆட்டுக்கால் உருளையால் (சுற்றிவர முளை வைத்த உருளை) கீழிருந்து இறுக்கி, அதற்கு மேல்தான் மட்ட உருளை. ஈரம் கீழே இருந்தால் வெயிலில் மேல் மண் காயக் காயக் கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்.

கடைசியாக, கச்சான். கொட்டையைச் சொல்லவில்லை, காற்றைச் சொல்கிறேன். வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும் அந்தக் காற்றில் காயப்போட்ட சாரம் ஒரு மணி நேரத்தில் மொறுமொறுக்கிறது. உங்கள் பாதை எந்த மூலைக்கு? பகலில் இங்கே பந்தயம் வைத்தால் பார்ப்பவனுக்குப் புழுதி மட்டும்தான் தெரியும்.


ஸ்காபரோவான்

ஐயா சொன்னது அப்படியே பிறிஸ்டலில் நடந்தது. 2021இல் டெனிசியில் இருக்கிற அந்தக் கொங்கிறீட் ஓவலின் மேல் மண்ணைக் கொட்டி நாஸ்கார் பந்தயம் வைத்தார்கள். அவர்களின் முதல்தரத் தொடர் 1970க்குப் பிறகு மண்ணில் ஓடினது அப்போதுதான். மழையில் ஒரு நாள் தள்ளிப்போனது, அப்புறம் பகல் வெயிலில் ஓடினால் புழுதி. முன்னால் போகிற கார் தெரியவில்லை என்று இரட்டை வரிசையில் விடுகிற மறுதொடக்கத்தை ஒற்றை வரிசையாக்க வேண்டிவந்தது. அடுத்த வருடம் இரவுக்கு மாற்றிவிட்டார்கள். அவ்வளவு காசு உள்ளவர்களுக்கே மண் பாடம் எடுத்திருக்கிறது.


அநுராதபுரச்சந்தி

எல்லோரும் ஆசையோடு பேசுகிறீர்கள், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 2024 ஏப்ரல் 21, தியத்தலாவை. பாதையை விட்டு விலகின கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். அதில் ஒரு சின்னப் பிள்ளையும் உண்டு. அதற்குப் பிறகும் "சின்னதாக ஒன்று போடுவோம், நாலு ரயர் அடுக்குவோம், ஒரு கயிறு கட்டுவோம்" என்று யாராவது சொன்னால் எனக்கு வயிறு கலங்குகிறது. எங்கள் ஊரில் கயிறு கட்டினால் அதற்கு முன்னால் பிள்ளைகளை உட்கார வைப்போம். திருவிழாவில் பார்க்கவில்லையா?

தடுப்புச் சுவர், வலை, அம்புலன்ஸ், தீயணைப்பு, அனுமதி எல்லாம் வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு மண்ணைப் பற்றிப் பேசுங்கள்.


கராஜ்தம்பி

சரி அண்ணா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆட்களைக் கூப்பிடுகிற யோசனையை விடுகிறேன்.


பழைய_சங்கிலி (லண்டன்)

காரை விடுங்கள், மோட்டார் சைக்கிளில் இருந்து தொடங்குங்கள். ஸ்பீட்வே என்று ஒன்று இருக்கிறது. 500 சிசி ஒற்றைச் சிலிண்டர், ஒரே கியர், பிரேக் கிடையாது. நாலு பேர், நாலு சுற்று, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதலாவது வந்தால் 3 புள்ளி, பிறகு 2, 1, கடைசி ஆளுக்குப் பூச்சியம். இங்கிலாந்துக்கு இது வந்தது 1928 பெப்ரவரியில், எப்பிங் காட்டில் ஹை பீச் என்ற இடத்தில். அதற்கு முன்பே அவுஸ்திரேலியாவில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பிரேக் இல்லை என்றதும் பயப்பட வேண்டாம். முன்னால் போகிறவன் திடீரென்று பிடிக்க முடியாது என்பதால்தான் பின்னால் வருகிறவன் தைரியமாக ஓட்டுகிறான். இடக்கால் சப்பாத்தின் அடியில் இரும்புத் தகடு மாட்டி, அதை மண்ணில் தேய்த்துக்கொண்டு வளைவை எடுப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. அவர்கள் மெதனோலில் ஓட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கராஜில் கலந்து பார்க்காதீர்கள். மெதனோல் பற்றினால் பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. எரிகிறவன் துள்ளுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வீர்கள். பெற்றோலே போதும்.


கராஜ்தம்பி
செப்டம்பர், மூன்றாவது வாரம்

செய்து பார்த்துவிட்டோம். ஆட்கள் யாரும் இல்லை, நாங்கள் ஐந்து பேரும் மாமாவும் மட்டும்.

தம்பலகாமத்தில் மாமாவின் வட்டையில் சிறுபோக அறுவடை முடிந்து காணி சும்மா கிடந்தது. கெஞ்சிக் கேட்டு ஒரு மூலையை வாங்கினோம். பழைய ரயர் பதினாறை உள்பக்கத்தில் வைத்து, நீளப்பாட்டில் அறுபது காலடி வருகிற மாதிரி ஒரு ஓவல். குளக்கட்டு ஐயா சொன்னபடி கிளறி, மூன்று இரவு லேண்ட்மாஸ்டரில் தாங்கி வைத்துத் தண்ணீர் விட்டோம். ஆட்டுக்கால் உருளைக்கு எங்கே போவது? உழவு இயந்திரத்தின் பெரிய சில்லுகளையே திரும்பத் திரும்ப ஏற்றினோம். ஒரு பிடி மண் எடுத்து இடுப்பிலிருந்து விட்டேன். இரண்டு துண்டு. சந்தோசத்தில் மாமாவுக்கும் எடுத்துக் காட்டினேன். "நாற்பது வருசமா இதுக்குள்ள நிக்கிறன், எனக்குக் காட்டுறியா" என்றார்.

வண்டி ஒரு பஜாஜ் சிடி 100. லைற், கண்ணாடி, மட்காட் எல்லாம் கழற்றியாயிற்று. ஹெல்மெட், வயல் பூட்ஸ், இரண்டு ஜீன்ஸ். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்.

வெளிக்கிடுவதற்கு முன் மாமா மறித்துவிட்டார். "கோயிலை வலமாச் சுத்துற சனம், நீங்கள் என்ன இடமாச் சுத்துறீங்கள்?" கடைசியில், சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் கொளுத்தி, மூன்று சுற்று வலமாக மெதுவாகப் போன பிறகுதான் எங்கள் பக்கம் திரும்ப விட்டார்.

முதல் ஐந்து சுற்றும் வண்டி வழுகவே இல்லை. ரயர் மண்ணைக் கடித்துக்கொண்டு என்னை வெளியே எறியப் பார்த்தது. பதினைந்தாவது சுற்றளவில் உள் ஓரம் மினுங்கத் தொடங்கியது. அங்கே திறொட்டிலைத் திறந்தேன், பின்சில்லு தானாக வெளியே போனது, என் கை தானாக ஹாண்டிலை வலப்பக்கம் திருப்பியது. ரீச்சர், சத்தியமாக நான் யோசித்துச் செய்யவில்லை. பயத்தில் செய்ததுதான் சரியாக இருந்தது.

அப்புறம் விழுந்தேன். இடது முழங்கை தோல் போனது. பல்லிடுக்கில் மண். இரவு சோறு சாப்பிடும்போதும் நறநறத்தது.

இன்னொரு செய்தி. அந்த ஐந்து பேரில் ஒருவராகச் சீனன்குடாக்காரன் அண்ணையும் வந்திருந்தார். "சும்மா பார்க்க" என்று வந்தவர், நாற்பது சுற்றுக்கு மேல் ஆனதும் சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டார். நாங்கள் எல்லோரும் மினுங்குகிற உள் ஓரத்தில் வழுகிக்கொண்டிருக்க, அவர் போய் வெளியே புழுதி ஒதுங்கின வரம்பில் சில்லைச் சாய்த்தார். போனில் நேரம் பிடித்தோம். எங்களுக்கு 14 செக்கன், அவருக்கு 13க்குக் கீழே. ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.


சீனன்குடாக்காரன்

நான் சொன்னதில் மாற்றம் இல்லை. வட்டம் வட்டம்தான். ஆனால் அந்த வரம்பு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விரல் தள்ளிப் போகிறது, போன சுற்றில் பிடித்த இடத்தில் இந்தச் சுற்றில் பிடித்தால் ஒன்றும் இல்லை. அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அடுத்தது எப்போது?


அநுராதபுரச்சந்தி

முழங்கையோடு போனது நல்லது. நெஞ்சுக்கும் முதுகுக்கும் கவசம் வாங்காமல் அடுத்தது என்ற பேச்சே வேண்டாம்.


குளக்கட்டு

தம்பி, ஒரு விசயம் மாமாவிடம் சொன்னீர்களா? அவ்வளவு இறுக்கின மண்ணில் நெல் வேர் கீழே இறங்காது. பெரும்போகத்துக்கு முன் அந்த வட்டத்தை மட்டும் ஆழ உழுதுவிட வேண்டும்.


கராஜ்தம்பி
ஒக்டோபர்

ஐயா, சொல்லத் தேவையில்லாமல் அவரே கண்டுபிடித்துவிட்டார். முந்தாநாள் இரவு முதல் மழை. விடிய மாமா போன் எடுத்துப் பேச்சு. காணி முழுக்கத் தண்ணீர் வற்றிவிட்டதாம், நாங்கள் ஓடின ஓவலில் மட்டும் தேங்கி நிற்கிறதாம். படம் அனுப்பியிருக்கிறார். தண்ணீர் வளையம், அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கொக்கு. வருகிற ஞாயிறு நாங்களே போய் உழுது கொடுக்க வேண்டும் என்று உத்தரவு.


குளக்கட்டு

தண்ணீர் நிற்கிறதென்றால் மண் இறுகியது சரியாகத்தான் இருக்கிறது. உழப் போவதற்கு முன் எத்தனை நாள் நிற்கிறது என்று எண்ணிச் சொல்லும்.